சின்னவள் வீட்டு ஜாடி

சின்னவளைப் பற்றி இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். கைராசிக்காரி என்பார்கள், பொறுமைசாலி என்பார்கள், அவள் வீட்டு ஆட்டுப்பாலில் துளி வாடை இருக்காது என்பார்கள். என்னை யாரும் கேட்டதில்லை. இருபத்து நான்கு வருஷமாக அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிட யாருக்குத் தகுதி? கேட்காவிட்டால் போகட்டும், நானே சொல்கிறேன்.

முதலில் உறவைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் மூத்தவர், அவள் வீட்டுக்காரர் இளையவர். அவள் எனக்கு ஓரகத்தி. மாமனார் காலத்து வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தபோது, போக வர இருக்கட்டும் என்று பின்கட்டில் ஒரு சின்னக் கதவு விட்டார்கள். அந்தக் கதவுக்கு இடம் விட்ட கொத்தனாரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கொழுந்தனார் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஒரே மகள், அவளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். சின்னவள் முன்பு எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஏறுகிறவர்களை எந்த மாடி என்று கேட்டுப் பொத்தானை அமுக்குகிற வேலை. அவளுக்கு அது போதாது. பையனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா சார், வீடு கிடைச்சுதா மேடம் என்று எட்டு மாடிக்கும் பேச்சுக் கொடுப்பாள். இறங்க வேண்டிய மாடியைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தவர்கள்கூட உண்டாம். நானும் பன்னிரண்டு வருஷமாக ஜன்னலோரம் தையல் மிஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டுதான் இருந்தேன். என்னோடு மிஷின்தான் பேசியது.

பிறகு ஆள் வேண்டாத லிஃப்ட் வந்தது. இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. இனி இவளும் என்னை மாதிரி நாலு சுவருக்குள் கிடப்பாள் என்று நினைத்தேன். அவளா கிடப்பாள்? கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த ஒருவர் மாடி வீட்டுக்குக் குடிபோகிறார், தன் இரண்டு ஆடுகளை நல்ல கையில் ஒப்படைக்க வேண்டும் என்கிறார் என்று கேள்விப்பட்டு, மறுநாளே இரண்டையும் கயிற்றைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்துவிட்டாள். தெருவே வாசலில் நின்று சிரித்தது. நானும் சிரித்தேன். ஒன்பது வருஷம் கழித்து அதே தெரு தூக்குவாளியோடு அவள் வாசலில் வரிசையில் நிற்கிறது.

அவள் வேலை செய்கிற விதத்தையும் சொல்லிவிட வேண்டும், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சாயங்காலமே குட்டிகளைத் தனியாக அடைத்துவிடுவாள். விடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவி, துணியால் ஒற்றி, முதல் இரண்டு பீச்சலை ஒரு கறுப்புக் கிண்ணத்தில் விட்டுத் திரி திரியாக எதுவும் இருக்கிறதா, மடிநோயோ என்று பார்ப்பாள். அப்புறம்தான் பாத்திரத்தில் கறப்பாள். கறந்ததும் வடிகட்டி மூடி, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிடுவாள். வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரை வரவழைத்து ஆடுகளுக்கு ரத்தப் பரிசோதனை. காய்ச்சாமல் பச்சையாகக் குடிக்கிறவர்களும் உண்டு என்பதால் அவளுக்கு அதில் அவ்வளவு பயம். ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். எந்தக் குட்டிக்கு எது தாய், எது தகப்பன், காம்பு எப்படி, குணம் எப்படி என்று எல்லாம் அதில் இருக்கும். மடி மெத்தென்று இருந்து, கறக்கும்போது அசையாமல் நிற்கிற தாயின் பெண் குட்டியை மட்டும் நிறுத்திக்கொள்வாள். இப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து, கடைசியில் சீமாட்டி என்று ஓர் ஆட்டை உருவாக்கிவிட்டாள். இந்தத் தெருவிலேயே அவ்வளவு பால் தந்த ஆடு கிடையாது. சீமாட்டியாம். முப்பத்தொரு வருஷத்தில் இந்தக் குடும்பத்தில் என்னை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

இதெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது என் வீட்டுக்காரர் விஷயம்.

அவர் அச்சகத்தில் மிஷின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தச் சத்தத்தில் முப்பது வருஷம் நின்றதாலோ என்னவோ, வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. சாப்பாடு ஆச்சா, கதவு சாத்தியாச்சா, அவ்வளவுதான். ஓய்வு பெற்ற மறு வாரம் அவருக்கு வயிற்றில் ஏதோ கோளாறு வந்தது, பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை. சின்னவள் ஒரு டம்ளர் ஆட்டுப்பால் கொடுத்தாள். அது ஒத்துக்கொண்டது. அன்றையிலிருந்து காலை ஆறு மணி அடித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு பின்கதவு வழியாகப் போய்விடுவார். மடி சூடு ஆறாத பாலை நுரையோடு குடித்துவிட்டு, ஆறரைக்கு மீசையில் வெள்ளையோடு வருவார். போனோமா குடித்தோமா என்று வந்தால் என்ன? அரை மணி நேரம் அங்கே பேச்சு. பேச்சுகூடப் போகட்டும். சிரிப்பார்.

மிஷினுக்கு எதிரே உள்ள ஜன்னலைத் திறந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது பாதி கேட்கும். அவர் சிரிக்கிற சத்தம் முழுசாகக் கேட்கும். கல்யாணமான புதிதில் அந்தச் சிரிப்பை நான் கேட்டிருக்கிறேன். அப்புறம் அது எங்கே போனது என்றே தெரியவில்லை. பார்த்தால் ஆட்டுக்கொட்டிலில் இருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. தப்பாக ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் அப்படிப்பட்டவர் இல்லை, அவளும் இல்லை. இருந்தாலும் தினம் காலையில் ஒரு அரை மணி நேரத்தை என் வீட்டிலிருந்து யாரோ எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அந்த அரை மணியை என் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஆகையால் நானும் ஓர் ஆடு வாங்கினேன். கறவையில் இருந்த ஆடு, குட்டி பால்குடி மறந்துவிட்டது என்றார் தரகர். பழுப்பு நிறம், கோணல் பார்வை. முதல் நாளே என் காலை மிதித்துப் பாத்திரத்தைக் கவிழ்த்தது. சண்டி என்று பெயர் வைத்தேன். கறந்த பாலை டம்ளரில் ஊற்றி, அவர் செருப்பு மாட்டுவதற்கு முன்னால் நீட்டினேன். ஒரு வாய் குடித்தார். டம்ளரைப் பார்த்தார். "ம்" என்று வைத்துவிட்டு, பின்கதவு வழியாகப் போனார்.

என் பாலில் வாடை இருந்தது. எனக்கே தெரிந்தது. ஏன் என்று சின்னவளைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். அவளைக் கேட்பதற்கு நான் வேறு பிறவி எடுத்து வர வேண்டும். சுவரில் தண்ணீர்க் குழாய்க்காக உடைத்த ஓட்டை ஒன்று இருக்கிறது. குனிந்தால் கொட்டில் தெரியும். ஒரு மாதம் தினமும் இடுப்பு வலிக்கக் குனிந்து, அவள் செய்வதையெல்லாம் பார்த்துப் பார்த்து நானும் செய்தேன். வெதுவெதுப்பான தண்ணீர், கறுப்புக் கிண்ணம், ஐஸ் எதையும் விடவில்லை. வாடை போய்விட்டது. அவர் முழு டம்ளரையும் குடித்துவிட்டுப் பரவாயில்லை என்றார். சொல்லிவிட்டு அங்கேயும் போய் இன்னொரு டம்ளர் குடித்தார்.

அப்போதுதான் ஜாடியைப் பார்த்தேன். திருகு மூடி போட்ட கண்ணாடி ஜாடி. கொட்டிலின் மேல் பலகையில் வைத்திருப்பாள். காலையில் கறந்து முடித்ததும் அதை எடுத்து, மூடியை ஒரு நொடி திறந்து, சீமாட்டியின் மூக்குக்கு நேரே காட்டிவிட்டு உடனே இறுக்கி மூடிவிடுவாள். சீமாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். என் வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்று அதையே கவனமாகப் பார்ப்பார். இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொள்வார்கள். ஆகா, சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்கு மூக்கில் வியர்த்தது.

ஒரு நாள் வெயில் ஜாடியின் மேல் நேராக விழுந்தது. உள்ளே துணி இருந்தது. சாம்பல் நிறத்தில் நீலக் கோடு. ஓரத்தில் ஒரு பாக்கெட், அதில் இரட்டைத் தையல். பேனா குத்திக் குத்திக் கிழிப்பார் என்று நான்தான் அந்த இரட்டைத் தையலைப் போட்டேன். என் புருஷன் சட்டை! அதைக் கிழித்துக் கண்ணாடி ஜாடியில் போட்டு, தினமும் காலையில் திறந்து திறந்து மூடுகிறாள். வசிய மருந்து வைத்திருக்கிறாள், அதனால்தான் ஆறு மணி ஆனால் இந்த மனுஷனுக்குக் கால் தானாக நடக்கிறது என்று நினைத்தேன். இப்போது சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

அன்று மத்தியானம் அவள் தீவனக் கடைக்குப் போன நேரம் பார்த்துப் பின்கதவு வழியாகப் போனேன். ஜாடியை எடுத்து மடியில் மறைத்துக் கொண்டுவந்து, வெட்டி வைத்த யூனிஃபார்ம் துணிகளுக்கு அடியில் பீரோவில் வைத்துப் பூட்டினேன். திறந்து பார்க்கப் பயமாக இருந்தது. அவரிடம் கேட்டுவிடலாம் என்று ஒரு நாளில் பத்துத் தடவை வாய் வரை வரும். கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்று விழுங்கிவிடுவேன். மறுநாள் சின்னவள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"அக்கா, ஒரு கண்ணாடி ஜாடி. உள்ள துணி இருக்கும். எங்கயாவது பாத்தீங்களா?"

"எந்த ஜாடி?" என்றேன்.

அவள் முகத்தில் உண்மையாகவே கலக்கம் இருந்தது. எனக்கு அது இனிப்பாக இருந்தது. எட்டு நாள் அந்த இனிப்பு இருந்தது. அந்தப் பக்கம் பலகையை நகர்த்தித் தேடுகிறார்கள், வைக்கோலைப் புரட்டுகிறார்கள், இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறார்கள். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் அந்தத் துணியை எரித்துவிட்டால் தொல்லை ஒரேயடியாக ஒழியும் என்று தோன்றியது. அவர் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். கொல்லையில் சண்டியைக் கட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஜாடியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திருகினேன். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு திருகு திருகினேன். சட்டென்று கழன்றது. துணி மொத்தமும் என் மடியில் விழுந்தது.

அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? மழையில் நனைந்த கம்பளியும் மூத்திரமும் கெட்டுப்போன நெய்யும் ஒன்றாகச் சேர்ந்து மூக்கில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. உதறி எழுந்தால் கையில் ஒட்டியிருக்கிறது, கையால் மூக்கைப் பொத்தினால் மூக்கிலும் ஒட்டிக்கொள்கிறது. இதற்குள் சண்டிக்கு என்ன ஆனதோ, வாலை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கத்தியது. கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து என் மேல் தலையைத் தேய்த்தது. நான் வீட்டுக்குள் ஓடினேன். அதுவும் உள்ளே ஓடி வந்தது. கூடத்தைச் சுற்றி நான் முன்னால், ஆடு பின்னால்.

அவர் எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். என்னைப் பார்த்தார், சண்டியைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என் வீட்டில், என் கூடத்தில். அந்த நாற்றத்திலும் ஒரு நிமிஷம் எனக்கு மனசு நிறைந்துபோய் நின்றேன்.

பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. "ஜாடி உன்கிட்டயா இருந்துது?" என்றார்.

அவர் சண்டியைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அது கிடாயின் நாற்றம். கிடாய்க்குத் தலையில் கொம்புக்குப் பின்னால் அந்த நாற்றம் ஊறும். கிடாயைக் கறவை ஆட்டோடு வைத்தால் பாலில் வாடை ஏறிவிடும் என்று சின்னவள் கிடாய் வைத்துக்கொள்வதில்லை. நல்ல கிடாய் ஊருக்கு வெளியே ஒரு செங்கல் சூளைக்காரரிடம் இருக்கிறது. வண்டி வைத்து அரை நாள் போக வேண்டும். அதுவும் ஆட்டுக்குச் சேரும் நாளில் போனால்தான் பிரயோஜனம். எல்லா ஆடும் அந்த நாளில் கத்தி ஊரைக் கூட்டிவிடும். சீமாட்டி மட்டும் காட்டிக்கொள்ளாத ஆடு. அதனால் கிடாயின் தலையில் துணியைத் தேய்த்துக் கொண்டுவந்து ஜாடியில் அடைத்து, தினமும் மோந்து பார்க்கக் கொடுப்பார்கள். வாலை ஆட்டினால் அன்றைக்கு நாள்.

சீமாட்டிக்கு வயசாகிவிட்டது. மூன்று வருஷமாகத் தொடர்ந்து ஆண் குட்டிதான். ஒன்பது வருஷமாகச் சேர்த்த வம்சத்துக்குப் பின்னால் ஒரு பெண் குட்டி இல்லை. இந்தப் பருவம்தான் கடைசி, அதுவும் முடியப் போகிறது. இன்றைக்குக் கிடைத்துவிடும், நாளைக்குக் கிடைத்துவிடும் என்று ஜாடியைத் தேடியதில் இன்னொரு துணிக்குப் போகாமல் இருந்துவிட்டார்களாம். எனக்கும் சுவர் வழியாகப் பாதி பாதியாக இதெல்லாம் காதில் விழுந்ததுதான். நான் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததில் பேச்சைக் கேட்கவில்லை.

"கொண்டு போய்க் குடுத்துரு," என்றார்.

மூன்று தடவை சோப்புப் போட்டேன். போகவில்லை. அந்த நாற்றத்தோடுதான் பின்கதவைத் தாண்டினேன். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எனக்கு முன்னால் அது போய்ச் சொல்லிவிட்டது. சின்னவள் கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஜாடியை வாங்கிக்கொண்டாள். நேரே சீமாட்டியிடம் போய் மூடியைத் திறந்தாள். சீமாட்டி மோந்தது. வால் அசைய வேண்டும் என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றேன், அது நிஜம். சீமாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு தழையைக் கடித்தது.

"போயிருக்கும்க்கா. நாலஞ்சு நாள் முன்னாடியே போயிருக்கும்," என்றாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள்.

நான் முந்திக்கொண்டேன். "என் வீட்டுக்காரர் சட்டை உனக்கு எதுக்கு?"

"மாமாதான் பழைய துணியெல்லாம் ஒரு பையில போட்டுக் குடுத்தாரு, கொட்டில் தொடைக்க. அதுல இதுதான் கெட்டியா இருந்துது. அக்கா தச்சது, பிரியாதுன்னு எடுத்துக்கிட்டேன்." அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை. கொழுந்தனாரிடம் சொல்லவில்லை, தெருவிலும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துக் கணக்கை நேர் செய்திருப்பேன். அதற்கும் இடம் கொடுக்காமல் அதிலும் அவளே நல்லவள் ஆகிவிட்டாள். போதாததற்கு, நான் திரும்பி நடக்கும்போது பின்னாலேயே வந்து, சண்டிக்கு இன்றைக்குத்தான் நாள், விட்டுவிடாதீர்கள் என்று சொல்லி, சரக்கு வண்டிக்காரருக்கு அவளே போன் போட்டாள். அவள் ஆட்டுக்குத் தவறிப்போன நாள் என் ஆட்டுக்குக் கிடைத்தது. சூளைக்காரரின் கிடாய் வேலையை முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் வழி முழுக்க வண்டிக்காரரோடு கிடாய்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். நான் ஆட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

சின்னவள் இன்னும் இருபத்தொரு நாள் காத்துப் பார்த்தாள். சீமாட்டி வாலை அசைக்கவில்லை. பருவம் முடிந்தது. அவளுடைய மற்ற இரண்டு ஆடுகளும் சினையாக இருந்ததால் கறவை நின்றது. சீமாட்டியும் மெல்ல மெல்லக் குறைந்து, அரை டம்ளராகி, கால் டம்ளராகி, ஒரு நாள் மடி வற்றியது. தூக்குவாளி வரிசை போய்விட்டது. நோட்டில் சீமாட்டியின் பக்கத்தில் அவள் ஒரு கோடு இழுத்ததை ஓட்டை வழியாகப் பார்த்தேன். சண்டிக்குப் பெண் குட்டி பிறந்தால் அதை அவளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். மறுநாள் காலையில் அந்த நினைப்பு இல்லை.

ஏனென்றால் மறுநாள் காலையில் எனக்கு வேறு நினைப்பு. அந்தப் பக்கம் இனி சொட்டுப் பால் கிடையாது. சண்டி சினையாக இருந்தாலும் இன்னும் கறந்துகொண்டிருந்தது. அதன் பாலைக் கறந்து, வடிகட்டி, நல்ல டம்ளராகப் பார்த்து ஊற்றி, இரண்டு நாற்காலிகளை எதிரும் புதிருமாகப் போட்டு உட்கார்ந்தேன். ஆறு மணி அடித்தது. அவர் வந்தார். நின்றபடியே குடித்தார். மீசையைத் துடைத்தார். செருப்பை மாட்டினார்.

எனக்குத் தாங்கவில்லை. "அங்கதான் பால் இல்லையே. இன்னும் எதுக்குப் போறீங்க?"

அவர் யோசித்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். கோபமே இல்லை.

"அவ என்கிட்டக் கேப்பா," என்றார். "மாமா இந்த ஆடு ஏன் காலத் தாங்கி நடக்குது, இந்தத் தழைய வெக்கலாமா, அந்தக் காலத்துல மிஷின் நின்னா என்ன பண்ணுவீங்கன்னு ஏதாவது கேப்பா. இங்க எல்லாம் உனக்கே தெரியும். நான் என்னத்தச் சொல்ல?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. பால் இல்லாத வீட்டில், காலி மடியோடு மூன்று ஆடுகளை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நான் அந்த இரண்டாவது நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வருஷத்தில் அவரிடம் நான் என்ன கேட்டிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அரிசி வாங்கியாச்சா, கரண்டு பில் கட்டியாச்சா. அதற்கெல்லாம் தலையை ஆட்டினால் போதும். அன்று முழுக்க ஒரு சட்டைகூட நேராகத் தைக்கவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு அவர் பாலைக் குடித்துவிட்டு ஒரு செருப்பை மாட்டியிருந்தார்.

"ஏங்க," என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. "சினை ஆட்டுக்குப் பால் கறக்கறத எப்ப நிறுத்தணும்?"

எனக்குத் தெரியும். குட்டி போடுவதற்கு இரண்டு மாதம் முன்னால் நிறுத்த வேண்டும், ஒரேயடியாக நிறுத்தாமல் ஒரு வேளை விட்டு ஒரு வேளை கறந்து, தீவனத்தையும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். தெரியும் என்று நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். மாட்டிய செருப்பைக் கழற்றினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். நடுவில் ஒரு கணக்கைத் தப்பாகச் சொன்னார், நான் திருத்தவில்லை. ஆறேகாலுக்குப் பின்கதவு கிரீச்சென்றது.

"மாமா இன்னும் வரலையேக்கா?" என்று சின்னவள் எட்டிப் பார்த்தாள். கையில் துடைப்பம் இருந்தது. பின்னால் அவள் கொட்டில் சத்தமில்லாமல் இருந்தது. எங்கள் இரண்டு பேரையும், எதிரும் புதிருமாக இருந்த நாற்காலிகளையும் பார்த்தாள். அவள் முகத்தில் வந்தது என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கண்ணாடியில் நான் பல வருஷம் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதாக ஒரு நாற்காலி போட்டிருக்கலாம். உள்ளே இருந்தது. நான் அவர் பக்கம் திரும்பி அடுத்த கேள்வியைக் கேட்டேன்.